தானா மடியிற பெட்டி: நிட்டினோல் கம்பியோ, சுருங்கிற பிளாஸ்ரிக்கோ, சேர்வோவும் தங்கூசியுமோ?

தங்கச்சியின்ட மகள் கிளிநொச்சி அறிவியல்நகரில இன்ஜினியரிங் கடைசி வருசம். சில மாசத்துக்கு முன்னம் ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டை வந்து, தேத்தண்ணி குடிக்கமுன்னமே, "மாமா, தட்டையா கிடக்கிற மட்டை ஒண்டு கரண்ட் குடுத்தவுடன தானா எழும்பி மடிஞ்சு பெட்டியா வரோணும், எதால செய்யலாம்" எண்டு கேட்டவள். நான் முப்பது வருசமா ரேடியோ, ரிவி, இன்வேர்ட்டர் எண்டு திருத்திக்கொண்டிருக்கிற ஆள். தாள் மடிக்கிறதில எனக்குத் தெரிஞ்சது கப்பலும் ரொக்கெட்டும்தான். ஆனா கேள்வி பிடிச்சுப்போச்சு.

அவள் உண்மையில கேள்வி கேக்க வரேல்லை, முடிவெடுத்துப்போட்டு ஆமாம் போட ஆள் தேடி வந்தவள் எண்டது பேந்துதான் விளங்கினது. ஷேப் மெமரி அலோய், அதாவது உருவத்தை ஞாபகம் வச்சிருக்கிற உலோகம், அதாலதான் செய்யோணும் எண்டு நிண்டாள். வீடியோவில பாத்தவளாம், சத்தமில்லாமல் தாள் எழும்புதாம். பாக்க வடிவுதான், நானும் பாத்தனான். ஆனா வடிவா இருக்கு எண்டதுக்காக ஒரு சாமானைத் தெரிவு செய்தால் பேந்து கிடந்து முறியவேணும், அதால மற்ற வழியளையும் ஒருக்கா நிறுத்துப் பாப்பம் எண்டு சொன்னன். அண்டையில இருந்து அதுதான் அலுவல். உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு பிள்ளை புறொஜெக்டோட நிக்கும் எண்டு நினைச்சு எழுதுறன்.

முதல் ஒண்டு. மடிச்சு உருவம் எடுக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. பனையோலையில பிளா மடிக்கிறதைப் பாத்திருப்பியள், தட்டை ஓலை ரெண்டு மூண்டு மடிப்பில கூழ் ஒழுகாத கிண்ணமா மாறும், பசை இல்லை, ஊசி இல்லை. மடிப்புத்தான் பலம். ஒரிகாமிக்காரர், அதாவது ஜப்பான் தாள் மடிப்புக் கலைக்காரர், கணக்குப் போட்டுச் சொல்லுறதும் அதைத்தான். இங்க வித்தியாசம் என்னெண்டால் மடிக்கிற கை இல்லை, அந்தக் கைக்குப் பதிலா என்னத்தை வைக்கிறது எண்டதுதான் முழுக் கேள்வியும்.

நிட்டினோல் எண்டது அவள் சொன்ன அந்த ஞாபக உலோகம்தான், நிக்கலும் டைட்டேனியமும் கிட்டத்தட்ட சரிபாதி அணுக்களாக் கலந்த உலோகம். பேரின்ட பின்பாதி அமெரிக்கக் கடற்படையின்ட நேவல் ஓர்ட்னன்ஸ் லபோரட்டரியின்ட முதல் எழுத்துக்கள். வில்லியம் பியூலர் எண்டவர் 1959 அளவில ஏவுகணை மூக்குக்கு சூடு தாங்கிற உலோகம் தேடேக்க கையில அம்பிட்டது இது. 1961ல ஒரு மீற்றிங்கில விசிறி மாதிரி மடிச்ச தகட்டைக் கையில கையா மாத்திப் பாத்துக்கொண்டிருக்கேக்க, டேவிட் மஸி எண்ட ஒராள் பைப் பத்தவைக்கிற லைட்டரை அதுக்குக் கிட்டப் பிடிச்சாராம். தகடு மடிப்பெல்லாம் விரிஞ்சு நேரா நிண்டுட்டுது. ஆராய்ச்சிக்கூடம் முழுக்க இருந்தும் கண்டுபிடிச்சது ஒரு லைட்டர்.

இதைவிட முந்தி, 1932லயே, ஆர்ன ஒலாண்டர் எண்ட சுவீடன்காரர் தங்கமும் கேட்மியமும் கலந்த உலோகத்தில இந்தக் குணத்தின்ட தொடக்கத்தைக் கண்டவர். இதைக் கஸ்தூரியார் வீதியில நகை செய்யிற, தெரிஞ்ச பத்தர் ஒருத்தருக்குச் சொல்ல, "கேடிஎம் நகை எண்டு சொல்லுறது அந்தக் கேட்மியத்தைத்தானே, எங்கட பொடி நகைக்கு உந்தப் புத்தி இல்லையே" எண்டு சிரிச்சவர். பொடியில, அதாவது நகை பத்தவைக்கிற பொடியில, கேட்மியம் கொஞ்சம்தான், அதில உந்த வேலை நடக்காது. அவர் பேந்து இந்தக் கதையில ஒருக்கா வருவார்.

வேலை செய்யிற விதம் இதுதான். ஆறின நேரம் உலோகத்துக்குள்ள அணுக்கள் ஒரு மாதிரி அடுக்கில நிக்கும், அப்ப இழுத்தால் வளைச்சால் விட்டுக்குடுக்கும். சூடாக்கினால் வேற அடுக்குக்கு மாறும், அந்த அடுக்குக்கு ஒரே ஒரு உருவம்தான் தெரியும், அதுக்குப் போயே தீருவன் எண்டு பலமா இழுக்கும். கம்பியாக்கி இழுத்து வச்சிருந்தால் கரண்ட் போக சுருங்கும். கவனிக்கவேண்டியது, சுருங்கத்தான் தெரியும், ஆறினாப் பிறகு தானா நீளாது. ஆரும் பிடிச்சு இழுக்கோணும், இறப்பர் பான்டோ, ஸ்பிறிங்கோ, மட்டையின்ட சொந்த விறைப்போ. வீடியோவில இதை ஒருத்தரும் காட்ட மாட்டினம். பெட்டி மூடுறதைக் காட்டுவினம், திறக்கிறதுக்கு முன்னம் வெட்டிப்போடுவினம்.

2010ல ஹார்வர்டும் எம்ஐடியும் சேந்து ஒரு தகடு செய்தவை, 32 முக்கோணம், மடிப்பு மடிப்பா மெல்லிய ஷேப் மெமரி தகடு குத்தி வச்சது, ஒரே தகடு கப்பலாயும் மடிஞ்சது, பிளேனாயும் மடிஞ்சது. மருமகள் பாத்த வீடியோ அதுதான். ஆனா நான் அவளுக்குக் காட்டினது அடுத்ததை. 2014ல அதே கூட்டத்தில இருந்த ரொபர்ட் வுட், டானியேலா றஸ், எரிக் டெமெய்ன் ஆக்கள் சாமுவேல் ஃபெல்ற்றனோட சேந்து, தட்டையா இருந்து தானா மடிஞ்சு எழும்பி நடந்து போற ரோபோ ஒண்டு செய்தவை, நாலு நிமிசம் அளவில எழும்பும். அதில மடிச்சது நிட்டினோல் இல்லை. சூடு பட்டால் சுருங்கிற பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக். ஒருக்கா மடிஞ்சால் போதும் எண்ட இடத்தில அதே ஆக்களே மலிவான பிளாஸ்ரிக்குக்குப் போட்டினம். இதைச் சொன்னவுடன முகம் கொஞ்சம் சுருங்கினது, சூடு படாமலே.

சரி, கணக்குக்கு வருவம். ஒன்லைனில ஃபிளெக்ஸினோல் எண்ட பேரில வாற நிட்டினோல் கம்பியின்ர அளவுகளைத்தான் எடுத்தனான், ஏனெண்டால் அவைதான் ஒழுங்கா அட்டவணை குடுக்கினம். 0.15 மில்லிமீற்றர் கம்பி, தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. சூடாக 321 கிராம் இழுக்கும், 410 மில்லி அம்பியர் வேணும், மீற்றருக்கு 55 ஓம். சுருங்கிறது நீளத்தில 4 சதவீதம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, கூட இழுக்கும்தான், ஆனா பேராசைப்பட்டால் கெதியா களைச்சு ஞாபகத்தை விட்டுடும். அப்ப 10 சென்ரிமீற்றர் கம்பி தாறது 4 மில்லிமீற்றர். நாலே நாலு. இந்த நாலில ஒரு மட்டைச் சுவர் 90 டிகிரி எழும்போணும். ஒரு வட்டத்தின்ட கால்வாசி சுத்து ஆரையின்ட 1.57 மடங்கு, அப்ப மடிப்பில இருந்து கம்பி 2.5 மில்லிமீற்றர் தள்ளித்தான் நிக்கலாம், அதுக்கு மேல தள்ளினால் சுவர் பாதியில நிக்கும். 321 கிராம் அந்தக் குட்டித் தூரத்தில இழுத்தால் மடிப்பில கிடைக்கிற முறுக்கு விசை கிட்டத்தட்ட 80 கிராம் சென்ரிமீற்றர், அதாவது மடிப்பில இருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி 80 கிராமைத் தூக்கிற பலம். அதுவும் முழுசாக் கைக்கு வராது. ஆறின கம்பியைத் திருப்பி நீட்ட 128 கிராம் அளவு விசை வேணும், அந்த விசையைக் குடுக்கிற ஸ்பிறிங்கோ இறப்பரோ எப்பவும் எதிர்ப்பக்கம் பிடிச்சு இழுத்துக்கொண்டே நிக்கும், அதே 2.5 மில்லிமீற்றரில அது 32 கிராம் சென்ரிமீற்றர், அதைக் கழிச்சால் மிஞ்சிறது 48.

சேர்வோ எண்டால் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற குட்டி மோட்டர். மலிவான நீலச் சேர்வோ, எஸ்ஜி90, அது 9 கிராம் பாரம், 1.8 கிலோ சென்ரிமீற்றர் எண்டு போட்டிருக்கும், அதாவது 1800 கிராம் சென்ரிமீற்றர். எண்பது எங்க, ஆயிரத்தி எண்ணூறு எங்க. மருமகள் உடன கல்குலேட்டரை எடுத்துக்கொண்டு, "மாமா, 10 சென்ரிமீற்றர் கம்பி எவ்வளவு பாரம் எண்டு பாருங்கோவன்" எண்டாள். 11 மில்லிகிராம் அளவு. சேர்வோவுக்கு எண்ணூறில ஒரு பங்கு. அந்த இடத்தில நான் வாயை மூடினன். பாரத்துக்கு எவ்வளவு இழுக்குது எண்டு பாத்தால் இந்தக் கம்பியை மோட்டர் நெருங்கவே ஏலாது.

அப்ப எது வெல்லும் எண்டது எதை மடிக்கப்போறியள் எண்டதில கிடக்கு. அவளின்ட பெட்டி 6 சென்ரிமீற்றர் சதுரச் சுவர், மெல்லிய மட்டை, ஒரு சுவர் ஒரு கிராம் சொச்சம். அதைத் தூக்க 3 கிராம் சென்ரிமீற்றர் போதும். மூடியைக் காவிற சுவருக்கு 13 அளவு. மிஞ்சின 48க்குள்ள வசதியா வருது, மடிப்பு விறைப்பா இருந்தாலும் சமாளிக்கும். ஆனா அவளின்ட சிநேகிதப் பெடியன் ஒருத்தன் இதே கம்பியால 10 சென்ரிமீற்றர் சோலர் தட்டுகளை மடிக்கப் போறனாம். 60 கிராம் தட்டு ஒண்டு எண்டு வைச்சாலும் 300 வேணும். தடிச்ச கம்பி போடலாம், 0.25 கம்பி 891 கிராம் இழுக்கும், ஆனா கரண்ட் ஒரு அம்பியருக்கு மேல போகும், ஆறுறதும் பிந்தும், ஒரு செக்கன் ரெண்டு செக்கனில ஆறினது கிட்டத்தட்ட அஞ்சு செக்கன் எடுக்கும். பெருப்பிச்சால் வேலை செய்யும் எண்ட எண்ணம் இந்தக் கம்பியில சரி வராது.

அந்தப் பெடியனுக்கு நான் சொன்னது சேர்வோதான். காரணம் விசை மட்டுமில்லை. சோலர் தட்டு மடிக்கிறவை கனபேர் எடுக்கிற மடிப்பு மியூரா மடிப்பு, கோரியோ மியூரா எண்ட ஜப்பான் விண்வெளி இன்ஜினியர் யோசிச்சது, 1995ல மேல போன ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிற் எண்ட செய்மதியில அப்பிடி மடிச்ச தட்டுத்தான் விரிஞ்சது. அந்த மடிப்பின்ட விசேசமே ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தால் முழுத்தாளும் ஒரேயடியா விரியும், திருப்பித் தள்ளினால் ஒரேயடியா மடியும். ஒன்பது தட்டுக்குப் பன்னிரண்டு மடிப்பு, ஆனா அசைய ஒரே வழிதான் இருக்கு. அப்ப பன்னிரண்டு மடிப்பிலயும் கம்பி வச்சு ஏன் கரண்டைக் கொட்டுவான், ஒரு சேர்வோவும் குருநகர் மீன்பிடிச் சாமான் கடையில ஒரு சுருள் தங்கூசியும், அதாவது நைலோன் நூலும், காணும். பெட்டி அப்பிடியில்லை. அஞ்சு மடிப்பு, ஒண்டு எழும்பினால் மற்றது எழும்போணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை, ஒவ்வொண்டையும் தனித்தனியாத் தூக்கோணும். அங்கதான் கம்பிக்கு மரியாதை.

பெட்டிக்கும் சேர்வோ போடலாம், அதையும் செய்து பாத்தனாங்கள். அடியில ஒரு ஓட்டை, நாலு சுவரில இருந்தும் தங்கூசி வந்து ஓட்டைக்குள்ளால கீழ இறங்கி சேர்வோவில சுத்தும். அரைச் செக்கனில படார் எண்டு மூடிச்சுது, வடிவா வேலை செய்தது, ஆனா கீழ ஒரு முட்டு வச்சு மோட்டரை ஒளிக்கோணும், அப்ப தட்டைத் தாள் எண்ட கதை போச்சு. அவளுக்கு அது பெரிய குறை. எனக்கு அவ்வளவாக் குறையாத் தெரியேல்லை, ஆனா மார்க்ஸ் எடுக்கப் போறது அவள்.

சுருங்கிற பிளாஸ்ரிக்குக்கு வருவம். கேக் பெட்டி, சலட் பெட்டி மூடியளைத் திருப்பிப் பாருங்கோ, முக்கோணத்துக்குள்ள 6 எண்டு இருந்தால் பொலிஸ்ரைரீன். (இப்ப கனக்க 1 எண்டுதான் வருது, அது வேற பிளாஸ்ரிக், பாத்து எடுங்கோ.) அச்சில இழுத்துச் செய்த பிளாஸ்ரிக், இழுபட்ட ஞாபகம் உள்ளுக்க கிடக்கும், 100 டிகிரி தாண்ட இளகிச் சுருங்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில மைக்கல் டிக்கி ஆக்கள் செய்த வேலை எனக்கு உதில பிடிச்சது. சுருங்கிற தட்டில பிறின்ரரால கறுப்புக் கோடு அடிச்சு, அகச்சிவப்பு லாம்புக்குக் கீழ வைக்கினம், கறுப்பு மட்டும் சூட்டை உறிஞ்சும், அந்தக் கோட்டில ஒரு பக்கம் சுருங்கும், தட்டு அந்த இடத்தில மடியும். வயர் இல்லை, பற்றரி இல்லை. கோட்டைத் தடிப்பா அடிச்சால் கூட மடியும். கறுப்பு மையால மடிப்பு எழுதுறது எண்டு சொல்லலாம்.

நாங்கள் குசினியில செய்து பாத்ததில மூடியின்ட விளிம்புப்பக்கம் ஒரு மாதிரியும் நடு ஒரு மாதிரியும் சுருங்கினது, ஏனெண்டால் சாப்பாட்டு மூடி எல்லா இடத்திலயும் ஒரேயளவா இழுபட்டிருக்காது. கைவேலைக்கெண்டு விக்கிற சுருங்கிற தட்டு வாங்கினால் நல்லா வரும். மணம் வரும், யன்னலைத் திறந்து வைச்சுச் செய்யுங்கோ, தங்கச்சி எங்களைக் குசினியால கலைச்சுப்போட்டாள். பெரிய குறை ஒண்டு, மடிஞ்சது மடிஞ்சதுதான். திருப்பித் தட்டையாகாது. வைவாவில, அதாவது வாய்மொழிச் சோதனையில, சேர் "இன்னொருக்கா செய்து காட்டு" எண்டால் புதுத் தட்டுத்தான். மற்றப்படி ஒருக்காப் போதும் எண்ட வேலைக்கு, பள்ளிக்கூடக் கண்காட்சியில பிள்ளையளுக்குக் கையில ஒவ்வொண்டு குடுக்கிறதுக்கு, இதை மிஞ்ச ஒண்டுமில்லை.

காத்தடிச்சு மடிக்கிறதும் ஒரு வழி, பிளாஸ்ரிக் பை ஒட்டி ஊதினால் மடிப்பு எழும்பும். பம்ப், குழாய், ஒழுகல். விட்டிட்டம்.

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை ஒண்டு, இது வெளிநாட்டு வீடியோவில வராது. நிட்டினோல் கம்பியில ரெண்டு சாதி விக்கினம், 70 டிகிரிக் கம்பி, 90 டிகிரிக் கம்பி. 70 குறைஞ்ச கரண்டில வேலை செய்யும் எண்டு எல்லாரும் அதைத்தான் வாங்குவினம், நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனா கம்பி திரும்பி இளகிற சூட்டைப் பாருங்கோ, 70 கம்பி முழுசா இளக 42 டிகிரி மட்டும் இறங்கோணும். 90 கம்பி 62 டிகிரியிலயே இளகி முடிஞ்சிடும். சித்திரை மத்தியானம் தகரக்கூரைக்குக் கீழ, மூடின ஒரு பெட்டிக்குள்ள, 42 டிகிரி எண்டது சர்வசாதாரணம். அப்ப கரண்டை நிப்பாட்டினாலும் கம்பி விடாது, பெட்டி மூடினபடியே நிக்கும், நீங்கள் சேர்க்கிட் பிழை எண்டு கரண்டைச் சுவிச் பண்ணுற மொஸ்பெட்டை மாத்திக்கொண்டிருப்பியள். சுத்துச் சூட்டுக்கும் கம்பியின்ட சூட்டுக்கும் இடைவெளி கூடக்கூடத்தான் கெதியா ஆறும், அதால யாழ்ப்பாணத்தில, முல்லைத்தீவில, மன்னாரில இருக்கிறவை 90 கம்பியே வாங்குங்கோ. கொஞ்சம் கூடக் கரண்ட் தின்னும், தின்னட்டும்.

இதே சூடு இன்னொருத்தருக்கு நல்லதாப் போனது. கோப்பாயில தெரிஞ்ச தோட்டக்காரர், நான் மேசையில கம்பியோட இருக்கிறதைப் பாத்துப்போட்டு, "தம்பி, மிளகாய் நாத்துமேடைக்கு மேல வெயில் ஏறேக்க தானா விரிஞ்சு, பொழுதுபட தானா மடியிற பந்தல் உதால செய்யேலுமோ" எண்டு கேட்டார். மின்சாரம் இல்லாமல். யோசிச்சுப் பாத்தால் நிட்டினோலின்ட உண்மையான இடம் அதுதான். சேர்வோவுக்கு சென்சர் வேணும், பற்றரி வேணும், மழைக்கு மூடி வேணும். இங்க சென்சரும் மோட்டரும் ஒரே துண்டுக் கம்பி. வெயில்தான் கரண்ட். 40, 45 டிகிரியில மாறுற சுருள் ஸ்பிறிங்காச் செய்து விக்கினம், சுருளாக்கினால் கம்பியைவிட எத்தினையோ மடங்கு தூரம் நீண்டு சுருங்கும், விசைதான் குறையும். ஒண்டை மட்டும் அவருக்குச் சொன்னன், மாறுற சூடும் திரும்பிற சூடும் ஒண்டில்லை, நல்ல இடைவெளி இருக்கும், பத்து மணிக்கு விரிஞ்சது பொழுதுபட்டு நல்லா ஆறினாப் பிறகுதான் மடியும், ஒரு மழை முகில் போனால் உடன மடியாது. "முகிலுக்கு மடியத் தேவையில்லை, இரவுக்கு மடிஞ்சால் காணும்" எண்டார். அவருக்குத் தெரிவு சுகம்.

வாங்கிறதில நாங்கள் பட்ட பாடு. ஒன்லைனில நிட்டினோல் கம்பி எண்டு போட்டு மலிவா இருந்ததை எடுத்து, நாலு கிழமை காத்திருந்து, வந்தவுடன சுடுதண்ணிக்குள்ள போட்டால் ஒண்டும் நடக்கேல்லை. எப்பிடி வளைச்சாலும் விட்டவுடன டக்கெண்டு நேராகுது. பிழையான சாமான் இல்லை, அதுவும் நிட்டினோல்தான், ஆனா சுப்பர் எலாஸ்ரிக் எண்ட சாதி, அறைச்சூட்டிலயே மாறி முடிஞ்சு நிக்கிறது, மூக்குக்கண்ணாடி ஃபிறேமுக்கும் பல்லுக்குக் கம்பி கட்டுறதுக்கும் பாவிக்கிறது. வாங்கேக்க மாறுற சூடு எத்தினை டிகிரி எண்டு எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, எழுதேல்லையெண்டால் விடுங்கோ. ரெண்டாந்தரம் வாங்கின ஒரு மீற்றர் கம்பிக்கு அனுப்பிற கூலியோட சேத்துக் குடுத்த காசில நாலு சேர்வோ வாங்கியிருக்கலாம்.

உருவம் பழக்கிறதுக்குத்தான் பத்தர் வந்தார். நேர்க்கம்பி சுருங்கினால் போதும் எண்டால் பழக்கத் தேவையில்லை, கடைக்காரனே பழக்கித் தாறான். ஆனா மருமகள் முதல் நினைச்சது மடிப்பிலயே ஒரு துண்டுத் தகடு வைச்சு, அது எல் மாதிரி வளையப் பழக்கிறது, 2010 தகட்டின்ட வழி. அதுக்கு வளைச்ச உருவத்தில இறுக்கிக் கட்டி 500 டிகிரி அளவில கொஞ்ச நேரம் வச்சு, எடுத்துத் தண்ணியில போடோணும். பத்தர் ஊதுகுழலால சுட்டுத் தந்தார், நகைக்குச் சுடுற கை, ஆனா சுவாலை பட்ட இடம் சிவந்து, பக்கத்து இடம் சூடேறாமல், ஒரே தகட்டில ஒரு முனை நல்லா ஞாபகம் வச்சிருக்கு, மற்ற முனை மறந்துபோச்சு. "எனக்குக் கண்ணால நிறம் பாத்துத்தான் சூடு தெரியும், உதுக்கு அடுப்பு வேணும்" எண்டு அவரே சொல்லிப்போட்டார். ஆய்வுகூட அடுப்பு கிடைக்கிற ஆக்கள் தகட்டுக்குப் போகலாம். இல்லாட்டில் நேர்க்கம்பிதான். தகட்டு வழியில ஒக்ஸ்ஃபோர்ட்டில கவோறி குறிபயாஷியும் ஸொங் யூவும் இரத்தக்குழாய்க்குள்ள மடிஞ்சு போய் உடம்புச் சூட்டில விரியிற ஸ்ரென்ற், குழாயைத் திறந்து பிடிக்கிற குட்டிக் குழல், ஒண்டே செய்து காட்டினவை, 2006ல வந்தது, அந்த மடிப்பைப் பாத்தால் ஆசை வரும். ஆனா ஆசைக்கு அடுப்பு வேணும்.

ஈயம் பிடிக்காது, அதையும் சொல்லிப்போட வேணும். கம்பிக்கு மேல ஒரு ஒக்சைட் தோல் இருக்கு, சாதாரண ஈயம் உருண்டு விழும், அப்பிடியே வேகமாச் சுட்டுச் சுட்டு நிண்டால் கம்பியின்ட பழக்கமும் கெடும். நசுக்கித்தான் பிடிக்கோணும். தங்கூசி வாங்கின அதே கடையில தூண்டில் கயிறு பொருத்திற குட்டிச் செப்புக் குழாய் கிடந்தது, அதுக்குள்ள கம்பியையும் வயரையும் விட்டுக் குறட்டால நசுக்கினம், இண்டைவரைக்கும் ஒண்டும் கழரேல்லை.

கரண்ட் கணக்கு அதிர்ஷ்டமா வந்தது. 10 சென்ரிமீற்றர் துண்டு 5.5 ஓம். அஞ்சு மடிப்பும் தொடரா இணைச்சால் 27.5 ஓம், என்ட கடையில கிடந்த பழைய யூபிஎஸ் 12 வோல்ற் பற்றரியை நேரா குடுத்தால் 436 மில்லி அம்பியர், வேண்டியது 410. இதைவிடப் பொருத்தம் கலியாணத்துக்கும் பாக்கேலாது. ஆனா மூடி கடைசியா மடியோணும், சுவரோட சேந்து எழும்பினால் ஒண்டோட ஒண்டு இடிபடும், அதால மூடியைப் பிரிச்சுத் தனி மொஸ்பெட். அதோட 22 ஓம் 5 வாட் சீமெந்து ரெசிஸ்ரர் ஒண்டைத் தொடராப் போட்டால் திரும்பவும் அதே 27.5. மற்ற நாலும் தொடரா 22, அதுக்கு ஒரு 5.6 ஓம். ரெசிஸ்ரர் நல்லாச் சுடும், மட்டையில முட்ட விடாதேங்கோ. அடித்தளத்தில நாலு கம்பியும் ஒண்டையொண்டு குறுக்க வெட்டிப் போகுது, முட்டினால் ஷோர்ட், நாங்கள் ஒவ்வொண்டையும் மூண்டு மில்லிமீற்றர் விலத்திப் பூட்டி, வெட்டுற இடத்தில சூடு தாங்கிற மஞ்சள் ரேப் ஒட்டினம்.

மூடின பெட்டியை மூடினபடி வைச்சிருக்கிறதுக்கு கரண்ட் போய்க்கொண்டே இருக்கோணும், பத்து வாட்டுக்கு மேல, சும்மா சூடாக்கிறதுக்கு. இந்தக் கம்பி வாங்கிற கரண்டில வேலையா மாத்திறது மிச்சம் கொஞ்சம், மற்றதெல்லாம் சூடு. 2010 தகட்டுக்காரர் காந்தம் வச்சுத்தான் பிடிச்சவை. நாங்களும் சுவர் விளிம்பில பழைய இயர்ஃபோன் காந்தம் ஒட்டினம், எழும்பினவுடன கிளிக் எண்டு பிடிக்குது, கரண்டை நிப்பாட்டலாம். ஆனா காந்தம் பிடிச்சால் இறப்பர் பான்ட் திறக்காது. திறக்கிறது கையாலதான். மருமகள் யோசிச்சுப்போட்டு, "அப்ப சுவருக்குக் காந்தம், மூடிக்கு வேண்டாம், மூடி மட்டும் மூடித் திறந்து காட்டுவம்" எண்டாள். நான் இதை யோசிச்சிருக்க மாட்டன்.

அப்ப கடைசியில அவளுக்கு நான் ஆமாம் போட்டன், ஆனா அவள் வந்த காரணத்துக்காக இல்லை. சின்னன், பாரமில்லாதது, தட்டையாவே இருக்கோணும், மடிப்பு ஒவ்வொண்டும் தனித்தனி, மெல்ல மெல்ல நடந்தால் போதும், இந்த அஞ்சும் அவளின்ட பெட்டியில சேந்து வந்ததாலதான் கம்பி. இதில ரெண்டு இல்லாட்டிலும் நான் சேர்வோவும் தங்கூசியும் எண்டுதான் நிண்டிருப்பன், ஒருக்கா மடிஞ்சால் போதும் எண்டால் சுருங்கிற தட்டு. 90 டிகிரிக் கம்பி, 0.15, மூண்டு மீற்றர், ஒண்டு அறுந்தாலும் கையில இருக்கும். சேர்வோ வச்ச பெட்டியும் ஒரு பையுக்குள்ள போகும், அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச கதை.

வைவா நடக்கிற அறையில தலைக்கு மேல ஃபேன் இருக்கோ எண்டு போய்ப் பாக்கச் சொல்லியிருக்கிறன். இவ்வளவு மெல்லிய கம்பிக்கு ஃபேன் காத்துப் பட்டால் 410 காணாது, சுவர் பாதியில நிக்கும், ஃபேனுக்காகக் கரண்டைக் கூட்டி வச்சால், ஃபேனை நிப்பாட்ட அதே கரண்டில கூடச் சுடும். ரெண்டு விதத்திலயும் அளந்து எழுதி வச்சுக்கொண்டு போ எண்டன். நேற்று ஃபோன் எடுத்தவள். ஃபேன் ரெண்டு இருக்காம், ஒண்டுக்கு சுவிச் வேலை செய்யாதாம்.